யார்ட்பேர்ட்ஸ்: எந்தப் பாட்டில் யார் கிட்டார்? அந்த ஒலி எப்படி வந்தது?

நீலத்தந்தி:

வணக்கம். 1960களின் பிரிட்டிஷ் ராக் குழுவான யார்ட்பேர்ட்ஸ் என்றதும் "கிளாப்டன், பெக், பேஜ் மூவரும் வாசித்த குழு" என்று ஒற்றை வரியோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். கேட்க உட்கார்ந்தால்தான் குழப்பம் புரிகிறது. இணையத்தில் இருக்கும் தொகுப்புகளில் மூவர் காலத்துப் பாட்டும் வரிசை இல்லாமல் கலந்து கிடக்கிறது. "ஐ'ம் எ மேன்" பாட்டு இரண்டு மூன்று விதமாக வருகிறது. வாசிப்பது வேறு வேறு கைகள் என்பது காதுக்குத் தெரிகிறது, எது யாருடையது என்பதுதான் பிடிபடவில்லை.

தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். ஒரு பாட்டில் யார் வாசிக்கிறார் என்று உறுதியாகச் சொல்ல வழி உண்டா? "ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்" தொடக்கத்தில் கேட்பது சித்தாரா, கிட்டாரா? கிட்டார்தான் என்றால் இன்றைய டிஸ்டார்ஷன் பெடலில் (ஒலியைக் கரகரப்பாக்கும் கால்பெட்டி) அந்த ஒலி ஏன் வருவதில்லை? பேஜ் வயலின் வில்லைக் கிட்டாரில் இழுத்தது இந்தக் குழுவிலேயே தொடங்கியதா? தொடங்கியது என்றால் எந்தப் பதிவில் கேட்கலாம்?

பி_பக்கம்:

அட்டைப்படத்தை நம்பாதீர்கள். பாட்டு பதிவான தேதியைப் பாருங்கள். இந்தக் குழுவைப் பொறுத்தவரை தேதி தெரிந்தால் முக்கால் பங்கு விடை கிடைத்துவிடும்.

குழு 1963இல் லண்டனின் தென்மேற்குப் புறநகரில் உருவானது. கீத் ரெல்ஃப் பாட்டும் மவுத் ஆர்கனும், பால் சாம்வெல்-ஸ்மித் பேஸ் கிட்டார், கிறிஸ் ட்ரேயா ரிதம் கிட்டார், ஜிம் மெக்கார்ட்டி டிரம்ஸ். முதல் லீட் கிட்டார் (தனித்து முன்னால் ஒலிக்கும் கிட்டார்) டாப் டோப்பம். பள்ளி வயதுப் பையன்; இசையையே தொழிலாக எடுத்துக்கொள்ள வீட்டில் சம்மதிக்கவில்லை. அவர் விலக, 1963 அக்டோபரில் எரிக் கிளாப்டன் வந்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் வாரந்தோறும் வாசித்துவந்த ரிச்மண்ட் கிராடாடி கிளப்பில் அவர்கள் விட்ட இடத்தை இவர்கள் பிடித்தார்கள். கிளப்பை நடத்திய ஜியார்ஜியோ கோமெல்ஸ்கிதான் இவர்களுக்கு மேனேஜர்.

கிளாப்டன் 1965 மார்ச் வரை இருந்தார். அந்த மாதமே ஜெஃப் பெக் சேர்ந்தார். 1966 ஜூனில் சாம்வெல்-ஸ்மித் விலகியபோது ஜிம்மி பேஜ் உள்ளே வந்தார், ஆனால் முதலில் பேஸ் கிட்டாருக்கு. ஆகஸ்ட் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ நிகழ்ச்சிக்கு உடல்நலக் குறைவால் பெக் வர முடியாமல் போக, பேஜ் லீட் வாசிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ட்ரேயா பேஸுக்கு மாறினார். பெக்கும் பேஜும் இரட்டை லீட் ஆனார்கள். சில மாதங்கள்தான். அந்த ஆண்டு இறுதி அமெரிக்கப் பயணத்தின் நடுவில் பெக் போய்விட்டார். அதிலிருந்து 1968 ஜூலையில் லூட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் நடந்த கடைசி நிகழ்ச்சி வரை பேஜ் ஒருவரே.

இனி ஏமாற்றும் இசைத்தட்டுகள். அமெரிக்காவில் எபிக் நிறுவனம் வெளியிட்ட "ஃபார் யுவர் லவ்" எல்பி (1965) அட்டையில் இருப்பவர் பெக். உள்ளே 11 பாட்டு. அதில் பெக் வாசித்தவை மூன்றே மூன்று: "ஐ'ம் நாட் டாக்கிங்", "ஐ எய்ன்ட் டன் ராங்", "மை கேர்ள் ஸ்லூப்பி". மற்ற எட்டும் கிளாப்டன் காலத்தவை. அதே ஆண்டு நவம்பரில் வந்த "ஹேவிங் எ ரேவ் அப்" தட்டில் முதல் பக்கம் முழுக்க பெக்கின் ஸ்டூடியோப் பதிவுகள். இரண்டாம் பக்கம் 1964 மார்ச்சில் லண்டன் மார்க்கீ கிளப்பில் நேரடியாகப் பதிவானவை, அதாவது கிளாப்டன். உங்களைக் குழப்பும் "ஐ'ம் எ மேன்" இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. கடைசிப் பகுதியில் கம்பிகளை இடது கையால் அமுக்கி ஊமையாக்கி, வலது கையால் படபடவென்று உராய்ந்துகொண்டே போனால் அது பெக், சிகாகோ செஸ் ஸ்டூடியோ, 1965 செப்டம்பர். கூட்டத்தின் கைதட்டலும் நீண்ட மவுத் ஆர்கனும் இருந்தால் மார்க்கீ, கிளாப்டன்.

இன்னொன்று: "பெக்ஸ் பொலேரோ"வை யார்ட்பேர்ட்ஸ் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது 1966 மே மாதம் பெக், பேஜ், ஜான் பால் ஜோன்ஸ், கீத் மூன், நிக்கி ஹாப்கின்ஸ் சேர்ந்து தனியாகப் பதிந்தது. இந்தக் குழுவின் கணக்கில் வராது.

வால்வு_ஏசி30:

பி_பக்கம் தேதிக்கணக்கைச் சொல்லிட்டார், நான் ஒலிக்கு வர்றேன்.

முதல்ல கிளாப்டன். யார்ட்பேர்ட்ஸ்ல அவர் கையில் பெரும்பாலும் ஃபெண்டர் டெலிகாஸ்டர், ஆம்ப் (ஒலிபெருக்கி) வாக்ஸ் ஏசி30. நிறைய பேர் "கிளாப்டன் ஒலி"ன்னு மனசில் வச்சிருக்கிறது லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ல முழுசாத் திறந்து வாசிச்ச கொழுத்த ஒலி. அது 1966ல ஜான் மேயாலோட புளூஸ்பிரேக்கர்ஸ் தட்டில் வந்தது. அதை எதிர்பார்த்து "ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்" கேட்டா ஏமாற்றமா இருக்கும். இங்கே ஒலி மெலிசு, கூர்மை, கிட்டத்தட்ட சுத்தம். சொற்றொடர்கள் சின்னச் சின்னதா வரும், நடுவுல மூச்சு விடும். ஸ்டூடியோவில் கேட்கணும்னா "காட் டு ஹரி"ன்னு ஒரு வாத்திய இசை, "ஃபார் யுவர் லவ்" சிங்கிளோட மறுபக்கம். அவர் எங்கே போகப்போறார்ங்கிறது அந்த இரண்டரை நிமிஷத்துலயே தெரியும்.

அடுத்து "ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்". அது கிட்டார்தான். முதல்ல சித்தார், தபலா வாசிக்கிறவங்களை ஸ்டூடியோவுக்கு வரவழைச்சு உண்மையிலேயே பதிஞ்சாங்க. அந்த வடிவமும் பின்னாடி வெளியாச்சு, கேட்டுப் பாருங்க: டிரம்ஸும் மின்சாரக் கிட்டாரும் அடிக்கிற இடத்துல சித்தார் மீட்டல் உடனே அடங்கிப் போயிடுது, பாட்டுக்கு வேண்டிய அழுத்தம் வரலை. பெக் அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டை) ஃபஸ் பாக்ஸ்ங்கிற, ஒலியைக் கரகரப்பாக்குற பெட்டி வழியா வாசிச்சுக் காட்டினார். அதுவே 1965 ஜூன்ல சிங்கிளா வந்து பிரிட்டன்ல 2ஆம் இடம். பீட்டில்ஸோட சித்தார் பாட்டு வந்தது அந்த டிசம்பர்ல, அதாவது ஆறு மாசம் கழிச்சு.

ஃபஸ் ஏன் சித்தார் மாதிரி கேட்குது? அது அலையோட மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் வெட்டித் தட்டையாக்குது. மீட்டினதும் ஒலி தேயாம கொஞ்ச நேரம் ஒரே அளவில் நிக்கும், மேல் சுரங்கள் ரீங்காரமாக் கூடும். சித்தாரோட ஜவாரியும் (கம்பி உரசுற அகலமான பாலம்) அந்த ரீங்காரத்தைத்தான் தருது. மிச்சம் விரல் வேலை. பெக் கம்பியை இழுக்கும்போது சுரத்தை நேராகத் தொடாம கொஞ்சம் தள்ளி நின்னு சேர்றார். இழுத்துட்டு விடும்போதும் அவசரப்படலை. கமகம் கேட்டுப் பழகின காதுக்கு இது உடனே பிடிபடும். இதைச் செய்யாம பெடலை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா ஒண்ணும் நடக்காது.

இனி கருவி. பெக் கையில் இருந்தது 1954 ஃபெண்டர் எஸ்கொயர். வாக்கர் பிரதர்ஸ் குழுவின் ஜான் மவுஸ்கிட்ட 75 பவுண்டுக்கு வாங்கினது. உடம்பு படும் ஓரத்தை மவுஸ் ஏற்கெனவே இழைச்சு வளைவா ஆக்கியிருந்தார். எஸ்கொயர்ல பிரிட்ஜ் (கம்பிகள் உட்காருற பாலம்) பக்கம் ஒரே ஒரு பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்குற காந்தச் சுருள்). அப்புறம் எதுக்கு மூணு நிலை சுவிட்ச்? பின்நிலைல டோன் குமிழையே சுத்தி விட்டுட்டு சிக்னல் நேரா வெளியே போகும், அதனால அதிகக் கூர்மை. நடுநிலைல வால்யூம், டோன் ரெண்டும் வேலை செய்யும். முன்நிலைல ஒரு கெப்பாசிட்டர் மேல்ஒலியைச் சாப்பிட்டு இருண்ட ஒலி தரும். கழுத்துப் பக்க பிக்கப்போட காந்தம் இல்லாததால கம்பி இன்னும் கொஞ்சம் சுதந்திரமா அதிரும். டெலிகாஸ்டர் வச்சிருக்கிறவங்க பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் எடுத்து, கழுத்து பிக்கப்பை உள்ளே இறக்கி வச்சா ரொம்ப நெருங்கிடலாம்.

பெக் பேரோட சேர்த்துப் பேசப்படுற ஃபஸ், கேரி ஹர்ஸ்ட் வடிவமைச்ச டோன் பெண்டர். மூணு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், ரெண்டே குமிழ். இன்றைய டிஸ்டார்ஷன் பெடல் பெரும்பாலும் சிலிக்கான் டையோடுல வெட்டி, முன்னாடியும் பின்னாடியும் ஃபில்டர் போட்டு ஒலியை மிருதுவாக்குது. அதனாலதான் நீங்க கேட்கிற கரகரப்பு அதில் வராது. ஜெர்மேனியம் ஃபஸ் வாங்கினாலும் தப்பு நடக்கிற இடம் நாலு.

ஒண்ணு, வரிசை. கிட்டாரிலிருந்து வர்ற ஒயர் நேரா ஃபஸ்ஸுக்குள்ள போகணும். முன்னாடி பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்புற சுற்று) இருக்கிற டியூனரோ வயர்லெஸ்ஸோ வச்சா ஒலி கண்ணாடி கீறுற மாதிரி ஆயிடும், கிட்டார் வால்யூமைக் குறைச்சா ஃபஸ் அடங்குற குணமும் போயிடும்.

ரெண்டு, மின்சாரம். பழைய மாதிரி ஜெர்மேனியம் ஃபஸ் பலதும் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மத்த பெடல்களோட ஒரே சங்கிலி ஒயர்ல மாட்டினா ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரி போடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு முனையும் தனித்தனியாப் பிரிஞ்ச சப்ளை வேணும்.

மூணு, சூடு. ஜெர்மேனியம் சூடானா கசிவு கூடும், பயஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்யற நிலை வோல்ட்) நகரும், சுரம் நடுவுல அறுந்து துப்புற மாதிரி கேட்கும். ஸ்டூடியோ ஏசில நல்லா இருந்த பெடல் திறந்தவெளி மேடைல சொதப்புறது இதனாலதான். ரெண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ்னா உள்ளே இருக்கிற டிரிம்பாட்ங்கிற சின்னத் திருகைத் திருப்பி, ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல சுமார் 4.5 வோல்ட் வர்ற மாதிரி வையுங்க. பாசிட்டிவ் கிரவுண்டா இருந்தா மீட்டர்ல மைனஸ் காட்டும், பயப்பட வேண்டாம். எந்தச் சூட்டில் வாசிக்கப் போறீங்களோ அந்தச் சூட்டில் இதைச் செய்யணும்.

நாலு, ஆம்ப். ஃபஸ்ஸை முழு சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்ப்ல விட்டா தேனீ மாதிரி இருக்கும். ஏசி30ல நாலு இஎல்84 வால்வு, ரெண்டு 12 அங்குல ஸ்பீக்கர். வால்யூம் ஏத்த ஏத்த ஆம்பே கொஞ்சம் அமுக்கி ஃபஸ்ஸோட முள்ளை மழுக்கிடும். வீட்டில் 30 வாட்டைத் திறக்க முடியாது. அதே வால்வு போட்ட 5 வாட் ஆம்ப் போதும்.

கம்பி பத்தி ஒரு வார்த்தை. அக்காலத்து செட்ல மூணாவது கம்பி சுற்றுக்கம்பி. முழு சுரம் இழுக்கிறது கஷ்டம். அதனால சில பேர் முதல் கம்பி இடத்துல பாஞ்சோ கம்பியைப் போட்டு, மத்ததை ஒவ்வொரு இடம் தள்ளிக் கட்டினாங்க. இன்னிக்கு மெல்லிசான 9 அல்லது 10 நம்பர் செட் வாங்கினாலே மூணாவது கம்பி வெறுங்கம்பியா வரும்.

நாலுகம்பி:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் கிட்டார்காரர்களையே பேசிக்கொண்டிருந்தால் இந்தக் குழுவின் உண்மையான கண்டுபிடிப்பு கையிலிருந்து நழுவிவிடும். "ரேவ் அப்" என்று அவர்கள் பெயர் வைத்த உத்தியைச் சொல்கிறேன். அதன் மையம் சாம்வெல்-ஸ்மித்தின் பேஸ் கிட்டார்.

பாட்டின் இரண்டு மூன்று சரணம் வழக்கம்போல் போகும். பிறகு பாட்டு நின்று வாத்தியம் மட்டும். டிரம்ஸ் இரட்டிப்பு நடைக்கு மாறும். இங்கே வேகம் கூடக் கூடாது, அடிப்படைத் தாளம் அதேதான், அடிகள் மட்டும் இரண்டு மடங்கு. நம் ஊர்ப் பழக்கத்தில் சொன்னால் காலப்பிரமாணம் மாறாமல் இரண்டாம் காலம். பேஸ் கிட்டார் கீழ்ச்சுரத்தை விட்டுக் கழுத்தின் மேல்பகுதிக்கு ஏறி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும். அடியில் கனம் போய்விடுவதால் கேட்பவருக்குத் தரை நழுவுவதுபோல் இருக்கும். ரெல்ஃபின் மவுத் ஆர்கனும் லீட் கிட்டாரும் மாறி மாறிக் கூவும். ஒலி படிப்படியாக உச்சத்துக்குப் போய், சட்டென்று எல்லாரும் பழைய நடைக்கு, பழைய அளவுக்கு இறங்குவார்கள். அந்த இறக்கம்தான் கூட்டத்தைத் துள்ளவைத்தது.

"ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்" தட்டில் "ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்", "ஹியர் டிஸ்" இரண்டிலும் இதை முழுதாகக் கேட்கலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும். வானொலிக்கு மூன்று நிமிடத்துக்குள் பாட்டு செய்துகொண்டிருந்த 1964இல் இது பெரிய துணிச்சல்.

குழுவாக வாசித்துப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: தொடக்கத்திலேயே எல்லாரும் முழுச் சத்தத்தில் வாசித்துவிடுவது. ஏற இடமில்லாமல் போனபின் வேகத்தைக் கூட்டுவார்கள், பாட்டு கலைந்துவிடும். சரணத்தில் கிட்டார் வால்யூம் பத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம். ரிதம் கிட்டார் ஏறவே கூடாது. ட்ரேயா அப்படித்தான் நிற்கிறார்; அவர் அசையாமல் நிற்பதால்தான் மற்றவர்கள் பறக்க முடிகிறது. அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கிளாப்டன் விலகிய காரணமும் இதோடு சேர்ந்தது. கிரஹாம் கோல்ட்மேன் எழுதிய "ஃபார் யுவர் லவ்" பாட்டை முன்னால் நடத்துவது பிரையன் ஆகர் வாசித்த ஹார்ப்ஸிகார்டும் போங்கோவும். கிளாப்டன் நடுவில் வரும் வேகப் பகுதியில் மட்டும் இருக்கிறார். பிரிட்டனில் 3ஆம் இடம், அமெரிக்காவில் 6ஆம் இடம். குழு ஜெயித்தது, புளூஸ் மட்டுமே வாசிக்க வந்தவருக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. குழுவினர் முதலில் கேட்டது பேஜை. ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசித்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த அவர் மறுத்து, பெக்கைக் கைகாட்டினார்.

நீலத்தந்தி:

மூவருக்கும் நன்றி. எஸ்கொயர் சுவிட்ச் விளக்கம் மிகவும் பயன்பட்டது. "ஷேப்ஸ் ஆஃப் திங்ஸ்" சோலோவிலும் அதே ஃபஸ் தானா? அந்த ஒலி வேறாக இருக்கிறதே. வில் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

வால்வு_ஏசி30:

நல்லாக் கவனிச்சிருக்கீங்க. "ஷேப்ஸ் ஆஃப் திங்ஸ்" (1966) சோலோவில் வேலை செய்யறது ஃபீட்பேக். ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற ஒலி கம்பியைத் திரும்ப அதிர வைக்குது, அதனால சுரம் சாகாம வளருது. பெக் பெரும்பாலும் ஒரே கம்பியில் மேலும் கீழும் போறார், அதனாலயே கிழக்கத்திய வாசனை வருது.

செய்முறை: ஆம்பை நல்ல சத்தத்துல வச்சு, ஸ்பீக்கரைப் பார்த்தபடி மூணு நாலு அடி தள்ளி நில்லுங்க. கிட்டார் வால்யூமை மூடி வச்சு, சுரத்தைப் பிடிச்சு மீட்டி, மெதுவாத் திறங்க. அரையடி முன்ன பின்ன நகர்ந்தா எந்தச் சுரம் பாடும்ங்கிறது மாறும். பாடுற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறிச்சுக்கலாம். தேவையில்லாத கம்பிகளை உள்ளங்கையாலும் மிச்ச விரலாலும் அடக்கலைன்னா வேற கம்பி முந்திக்கும். கம்பி பாடாம பிக்கப்பே கீச்சுன்னு அலறினா, அது பிக்கப் சுருள் தளர்ந்து மைக் மாதிரி வேலை செய்யறது. மெழுகு ஊத்தி இறுக்கினாத்தான் நிக்கும்.

அதே 1966ல வந்த "ரோஜர் தி இன்ஜினியர்"னு எல்லாரும் கூப்பிடற எல்பில "தி நேஸ் ஆர் புளூ" கேளுங்க. பெக்கே பாடறார். சோலோவில் ஒரு சுரத்தைப் பிடிச்சு அப்படியே நிறுத்தி வச்சிருக்கிறது இந்த வித்தைதான். அட்டையில் இருக்கிற கேலிச்சித்திரம் ஒலிப்பதிவாளர் ரோஜர் கேமரன், வரைஞ்சவர் நம்ம ட்ரேயா. அமெரிக்க வடிவத்துல இந்தப் பாட்டும் "ரேக் மை மைண்ட்"டும் கிடையாது, அதனால பிரிட்டிஷ் வடிவத்தைத் தேடுங்க. என் கணக்கில் குழுவோட உச்சம் இந்தத் தட்டுதான்.

டேப்_எக்கோ:

பேஜ் காலத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அதை, பேஜ் பிறகு தொடங்கிய லெட் செப்பலின் குழுவுக்கு முன்னுரையாக மட்டும் பார்ப்பது அநியாயம்.

ஆம், வில் இங்கேதான் பதிவாகத் தொடங்கியது. யோசனை தந்தவர் ஸ்டூடியோக்களில் வாசித்த டேவிட் மெக்கலம் என்ற வயலின் கலைஞர். 1967 "லிட்டில் கேம்ஸ்" எல்பியில் "டிங்கர் டெய்லர் சோல்ஜர் செய்லர்", "கிளிம்ப்ஸஸ்" இரண்டிலும் வில் இருக்கிறது. மேடையில் அது முழு உருவம் எடுத்தது 1968இல், "டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்" பாட்டில். அந்தப் பாட்டின் மூலம் ஜேக் ஹோம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகருடையது. 1967 ஆகஸ்டில் நியூயார்க்கில் யார்ட்பேர்ட்ஸ் நிகழ்ச்சிக்கு முன்னால் அவர் அதைப் பாடினார்; அங்கிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வில்லைக் கிட்டாரில் இழுத்தவர்கள் உடனே முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. வயலினின் பிரிட்ஜ் வளைவானது, ஒவ்வொரு கம்பியையும் தனியாகத் தொடலாம். கிட்டார் பிரிட்ஜ் கிட்டத்தட்டத் தட்டை. அதனால் தனியாக இழுக்க முடிவது இரண்டு ஓரக் கம்பிகள் மட்டும். மற்றபடி மூன்று நான்கு கம்பிகள் சேர்ந்துதான் வரும். ஆகவே மெட்டு வாசிக்க முயலாதீர்கள். தடித்த ஆறாம் கம்பியில் தனிச்சுரம், இல்லையென்றால் எல்லாக் கம்பியும் ஒத்துப்போகும் கார்டு (பல சுரம் சேர்ந்த கூட்டொலி), இந்த இரண்டுக்குள் நில்லுங்கள்.

வில் மயிருக்கு ரோசின் (வில்லில் பூசும் பிசின்) வயலினுக்குப் பூசுவதைவிடத் தாராளமாக வேண்டும். போதவில்லை என்றால் வில் வழுக்கிக்கொண்டு போகும், ஒலியே எழாது. பிரிட்ஜுக்கு மிக அருகில் இழுத்தால் கீச்சு, கழுத்துப் பக்கம் போனால் மந்தம். இரண்டு பிக்கப்புக்கும் நடுவே வையுங்கள். அழுத்தத்தைவிட வேகம் முக்கியம். பின்னால் நீண்ட எக்கோ இல்லாமல் இது வெறும் உராய்வாகத்தான் கேட்கும். வில்லால் கம்பியைத் தட்டி, எக்கோ திரும்பி வருவதற்கு இடம் விட்டு நிற்பது பேஜின் பாணி. வாசித்து முடித்ததும் கம்பியையும் பிக்கப் மேல்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ரோசின் பொடி படிந்த கம்பி பிறகு சாதாரண வாசிப்புக்கு உதவாது. கைவசம் இன்னொரு கிட்டார் இருந்தால் வில்லுக்கு அதையே ஒதுக்குவது நல்லது.

அதே எல்பியில் "ஒயிட் சம்மர்". டேவி கிரஹாம் ஒரு அயர்லாந்து நாட்டுப்பாட்டுக்குச் செய்த அமைப்பிலிருந்து பிறந்தது, தபலா வாசித்தவர் கிறிஸ் கரன். சுருதி டி-ஏ-டி-ஜி-ஏ-டி. வழக்கமான சுருதியிலிருந்து ஆறாம் கம்பியையும் முதல் கம்பியையும் ஈ-யிலிருந்து டி-க்கும், இரண்டாம் கம்பியை பி-யிலிருந்து ஏ-வுக்கும் இறக்குங்கள். மற்ற மூன்றையும் தொடாதீர்கள். மூன்றும் ஒரு முழு சுரம் தளர்வதால் கழுத்து லேசாக நிமிரும், தொடாத கம்பிகளின் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கும். ஒரு சுற்று முடித்து மறுபடியும் முதலிலிருந்து சரிபாருங்கள்.

"டென் லிட்டில் இண்டியன்ஸ்" சிங்கிளில் எக்கோ ஒலிக்கு முன்னாலேயே வரும். பேஜின் யோசனை. டேப்பைத் தலைகீழாக மாட்டி ஓட்டி, அதன் எக்கோவைக் காலியான தடத்தில் பதிந்து, பிறகு டேப்பை நேராக்கினால் எக்கோ முந்திக்கொள்ளும். கணினியில் செய்பவர்கள் தடத்தை ரிவர்ஸ் செய்து, மூல ஒலியே இல்லாமல் எக்கோவை மட்டும் பதிந்து, அதை மறுபடி ரிவர்ஸ் செய்து மூலத்துக்கு அடியில் போட வேண்டும். முதல் சுரத்துக்கு முன்னால் இரண்டு வினாடி வெற்றிடம் விடாவிட்டால் எக்கோவின் தலை வெட்டுப்பட்டுவிடும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தயாரிப்பாளர் மிக்கி மோஸ்டுக்கு சிங்கிள்தான் எல்லாம், எல்பி அவசரத்தில் முடிந்தது. அதனால் "லிட்டில் கேம்ஸ்" ஏற்ற இறக்கமாக இருக்கும். பேஜ் காலத்து யார்ட்பேர்ட்ஸின் பலம் மேடையில்தான். 1968 மார்ச் 30 அன்று நியூயார்க் ஆண்டர்சன் தியேட்டரில் பதிவான நிகழ்ச்சி அதற்குச் சாட்சி. எபிக் 1971இல் அதை வெளியிட்டபோது வேறெங்கோ எடுத்த கூட்டச் சத்தத்தை மேலே ஒட்டிவிட்டார்கள். பேஜ் தரப்பு தடுத்து நிறுத்தியது. 2017இல் பேஜே சுத்தம் செய்து "யார்ட்பேர்ட்ஸ் '68" என்று வெளியிட்டார். அதை வாங்குங்கள். பாட்டின் நடுவில் சம்பந்தமில்லாமல் ஆரவாரம் எழுந்தால் நீங்கள் கேட்பது பழைய 1971 வடிவத்தின் நகல்.

எர்த்_ஒயர்:

ஃபீட்பேக்குக்காக வால்வு ஆம்புக்கு அருகில் நிற்கச் சொல்லியிருப்பதால் இதைச் சேர்க்கிறேன். கீத் ரெல்ஃப் 1976 மே 12 அன்று வீட்டில், சரியாக எர்த் ஆகாத கிட்டாரை வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33.

கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தே இருக்கிறது. எர்த் இல்லாமல் சட்டத்தில் கசிவு ஏறினால் அது கம்பிக்கு வரும், கம்பியிலிருந்து உங்கள் கைக்கு. இன்னொரு கை எர்த் உள்ள பொருளைத் தொட்டால், அல்லது உதடு மைக்கைத் தொட்டால் சுற்று முழுமையாகிவிடும்.

மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். சில பத்து வோல்ட் காட்டினாலே வாசிக்காதீர்கள். எர்த் எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உறுமல் சத்தத்தை நிறுத்துவதற்காக மூன்றாவது பின்னை வெட்டுவதோ இரண்டு பின் அடாப்டர் போடுவதோ கூடவே கூடாது. டிஐ பெட்டியில் (கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் சிக்னல் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், உறுமலுக்கு அதைப் பயன்படுத்துங்கள். வாசிக்கும் அறையின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். இரண்டு பின்னோடு வந்த பழைய ஆம்ப் என்றால் மூன்று பின் ஒயராக மாற்றும்போது, மெயினுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் கெப்பாசிட்டரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். வால்வு ஆம்பைத் தெரிந்தவர் மட்டும் திறக்கட்டும், அணைத்த பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தேங்கியிருக்கும்.

பி_பக்கம்:

நீலத்தந்தி, காதைப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். மூவரின் சிறந்த பாடல்கள் என்று பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள். ஒரே பாட்டை ஒவ்வொரு கையிலும் கேளுங்கள்.

"ஐ'ம் எ மேன்": 1964 மார்க்கீ, கிளாப்டன். 1965 சிகாகோ, பெக். 1968 ஆண்டர்சன் தியேட்டர், பேஜ். அன்றைய நிகழ்ச்சியை முடித்துவைப்பதே இந்தப் பாட்டுதான். அடுத்தது "தி ட்ரெய்ன் கெப்ட் எ-ரோலிங்": 1965 செப்டம்பரில் மெம்ஃபிஸில் சாம் பிலிப்ஸ் ஸ்டூடியோவில் பெக். 1966இல் அண்டோனியோனியின் "ப்ளோ-அப்" படத்துக்காக வரிகளை மாற்றி "ஸ்ட்ரோல் ஆன்" என்ற பெயரில், பெக்கும் பேஜும் சேர்ந்து. இருவரும் ஒன்றாகக் கிட்டார் வாசித்த பதிவுகள் மிகக் குறைவு. இதுவும் "ஹேப்பனிங்ஸ் டென் இயர்ஸ் டைம் அகோ" சிங்கிளும்தான் முக்கியமானவை, சிங்கிளில் பேஸ் ஜான் பால் ஜோன்ஸ். பிறகு 1968 ஆண்டர்சன், பேஜ் தனியாக.

ஹெட்ஃபோனில் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, ரிஃபை விட்டுவிட்டு சோலோ தொடங்கும் முதல் நான்கு சுற்றை மட்டும் கவனியுங்கள். சில மாதம் கழித்து, 1968 ஆகஸ்டில், லண்டனில் ஒரு சிறிய அறையில் பேஜ், ராபர்ட் பிளான்ட், ஜான் பான்ஹம், ஜான் பால் ஜோன்ஸ் என்ற, பின்னால் லெட் செப்பலின் ஆன நால்வரும் முதன்முறையாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்தபோது எடுத்துக்கொண்ட பாட்டும் அதே "ட்ரெய்ன்"தான். செப்டம்பரில் டென்மார்க்கில் முதல் மேடை ஏறியபோதும் அவர்கள் பெயர் யார்ட்பேர்ட்ஸ் என்றே இருந்தது.